மறைந்த கல்

வேங்கிக்காலில் அம்மாவின் பல்வலிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போனோம். "மூக்குத்தியக் கழட்டுங்கம்மா" என்றார் அங்கிருந்த தம்பி. அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஐந்து வயதில் அதே மூக்குத்தியை நான் விழுங்கியிருந்தேன். எக்ஸ்ரே படத்தில் என் வயிற்றுக்குள் தங்கம் வெள்ளை வளையமாகத் தெரிந்தது. நடுவில் கல்லைக் காணோம்.

"கல்லு விழுந்துடுச்சே!" என்று அம்மா அலறினாள்.

"கண்ணாடிக்கல்லுக்கா இந்த அழுகை?" என்றாள் அத்தை. அம்மாவின் கல்யாணத்திலிருந்தே அது வைரமில்லை என்பதுதான் அவள் பேச்சு.

எக்ஸ்ரேக்காரர் சிரித்தார். "கண்ணாடின்னா கதிரத் தடுத்து வெள்ளையா தெரிஞ்சிருக்கும். அசல் வைரத்துல கதிர் பூந்து போயிடும்மா. கல்லு அங்கதான் இருக்கு."

மறுநாள் மூக்குத்தி கல்லோடு வெளியே வந்தது. அம்மா அந்தப் படத்தைக் கூடத்து ஜன்னலில் ஒட்டிவைத்தாள். அத்தை வரும்போதெல்லாம் என் வயிற்றுக்கு எதிரேதான் அவளுக்குக் காபி.

இன்று அம்மா மூக்குத்தியைத் திருகியபடி சொன்னாள்: "தங்கத்துக்காகக் கழட்டறேன் தம்பி. கல்லுக்குன்னா கழட்டவே வேணாம்."