பொட்டு வைத்த போர்டு

யோகலட்சுமி வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்னவென்று தென்காசியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வெளிநாட்டில், பூமிக்கு அடியில், துகள்களை மோதவிட்டுப் பார்க்கும் பெரிய கருவி ஒன்று. அதிலிருந்து தகவல் நொடிக்கு ஆயிரம் கோடித் துடிப்பாகக் கொட்டும். குற்றாலம் மெயினருவியில் வெள்ளம் வருகையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் தலைமுடி கனத்துக் கண்ணாடி இழைக்குள் அனுப்புகிற மாதிரி என்பாள். கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் போதாதா என்பார்கள்.

அதற்கான மின்சுற்றுப் போர்டுதான் அவள் மேசையில் மூன்று வாரமாகத் தகவலைச் சிந்திக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பிழையில்லாமல் ஓடாவிட்டால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். யோகலட்சுமி துருவித் துருவிப் பார்த்துவிட்டு, குற்றம் சிப்பில்தான் என்று மேலிடத்துக்கு மெயில் போட்டிருந்தாள். சிப்பை வடிவமைத்தவள் அபர்ணா, ஆய்க்குடிப் பெண், இப்போது புனேயில். தன் பக்கம் தப்பிருக்கும் என்று யோகலட்சுமிக்குத் தோன்றவே இல்லை. குளித்து, எண்ணெய் தேய்த்துத் தலைவாரி முடித்த பிறகுதான் அவள் போர்டைத் தொடுவாள்.

ஆயுத பூஜையன்று அவள் தெருவில் சுண்டல் கொடுக்கப் போயிருந்த நேரம், மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கணவர் செந்தில்வேல் ஸ்பேனர், மிக்ஸி வரிசையில் போர்டையும் வைத்துவிட்டார். அதில் செருகியிருந்த கண்ணாடி இழையைப் பிடுங்கிச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, துளை தென்பட்ட இடத்திலெல்லாம் சந்தனம், குங்குமம். மறுநாள் காலைவரை எதையும் எடுக்கக் கூடாது.

"ஓட்டைக்குள்ளயாங்க பொட்டு வைப்பாவ?" என்று காலையில் கேட்டாள்.

"அதுக்கு நெத்தி எதுன்னு யாருட்டி கண்டா?"

அழ நேரமில்லை. துளைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். இழையின் முனையிலும் ஒட்டியிருக்குமோ என்று பயந்து சின்ன மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். குங்குமம் துளியும் இல்லை. ஒளி போகிற வழியை மறைத்துப் பழைய எண்ணெய்ப் படலம் இருந்தது, விரல் ரேகையோடு. மூன்று வாரத்தில் அந்த முனையை அவள் பார்த்ததே இல்லை.

துடைத்து மாட்டினாள். சாயங்காலம்வரை ஓடியது. பிழை பூஜ்யம்.

"பொட்டு வச்சதும் சரியாயிட்டுல்லா?" என்றார் செந்தில்வேல். எண்ணெயைவிடப் பொட்டு கௌரவமாக இருந்ததால் அவள் மறுக்கவில்லை.

அபர்ணாவுக்கும் அப்படியே எழுதினாள்: சிப்பில் குறையில்லை, பூஜைக் குங்குமம் துளைக்குள் போயிருந்தது, துடைத்ததும் சரியாயிற்று. மேலிடத்துக்கும் நகல். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"பூஜை நேத்துதானக்கா? அதுக்கு முந்தின மூணு வாரம்?"

நகலிலிருந்து மேலிடத்தை எடுத்துவிடலாமா என்று யோகலட்சுமி கொஞ்ச நேரம் யோசித்தாள். குற்றம் சொன்ன மெயில் அவர்களுக்குத்தானே போனது. எடுக்காமல், "என் தலை எண்ணெய்" என்று தட்டி அனுப்பினாள்.