கண்ணாடி அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

கோவளத்தில் அலுவலக நண்பர் வீடு கட்டிக் குடிபோனபோது விருந்துக்குப் போயிருந்தோம். மாடியில் கடலைப் பார்த்தபடி மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. அங்கிருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்த என் மனைவி, பந்திக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. எங்கள் மாடியிலும் அப்படி ஓர் அறை கட்டுவதென்று வீடு திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டோம். கூடுவாஞ்சேரியில் கடலுக்கு எங்கே போவது? ஆனால் எங்கள் மொட்டைமாடியிலிருந்து ஏரி தெரியும். வெயிலுக்கும் பஞ்சமில்லை.

அதன்பிறகு வீட்டில் அதே பேச்சுதான். கிழக்கே முழுக்கக் கண்ணாடி, மேற்கே வெயில் தாங்காது என்பதால் சுவர், மூலையில் மணி பிளாண்ட், காலையில் அங்கே காபி. மகளுக்கும் உற்சாகம். என் அக்காவும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

அத்தான் இறந்தபிறகு அக்கா எங்களோடு வந்துவிட்டாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. எங்கள் வீட்டில் படுக்கையறை இரண்டுதான். ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். அக்கா ஹாலில் படுப்பாள். நாங்கள் எழுவதற்குள் பாயைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். அவள் அங்கே படுத்திருந்ததற்கான அடையாளமே இருக்காது. அதை நான் அவளுடைய சுத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்தார். மாடியில் அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். அக்கா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். கோட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்தவள், அவரிடம் கேட்டாள்:

"கதவு எந்தப் பக்கம் சார் வருது?"

"இதோ, படிக்கட்டுப் பக்கம்மா."

"உள்ளுக்குத் தாப்பா கீதுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு பக்கம் கண்ணாடிக்கா. உள்ளே இருக்கிறவங்களை ஊரே பார்க்கும். இதுக்குத் தாப்பா எதுக்கு?"

இன்ஜினியரும் சிரித்தார். "ஆமால்ல" என்று அக்காவும் சிரித்தபடி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவர் கிளம்பியதும் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏங்க, அண்ணி எங்க புடவை மாத்துறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? பாத்ரூம்ல. ஈரத்துல. எனக்கும் இன்னிக்குத்தான் உறைக்குது." என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

மறுநாளே இன்ஜினியருக்குப் போன் செய்தேன். கண்ணாடி வேண்டாம், நாலு பக்கமும் செங்கல் சுவர், நல்ல கதவு என்றேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதியோடு அக்காவிடம் போனேன்.

"அக்கா, சுவர் வச்சே கட்டப் போறோம். அந்த ரூம் உனக்குத்தான்."

உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டாள். "நானு கேட்டனாடா?"

"நீ கேக்கலக்கா. எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுண்டிப்போனது.

"அவ எம்மாம் ஆசையா சொல்லிகினு இருந்தா. என்னாலதான் அது பூட்ச்சுன்னு ஆவணுமா? சும்மா இன்னாத்தையோ கேட்டேன். அதைப் புட்ச்சிகினு வந்து எனக்குப் பிச்சை போடுறியா?"

மனைவி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியெல்லாம் இல்லை அண்ணி என்று அழுதாள். அக்கா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். அதோடு அடங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த மாதம் முடிவதற்குள் சிங்கப்பெருமாள் கோயிலில் ஓர் ஒற்றை அறையைப் பார்த்து வாடகைக்குப் பேசிவிட்டாள். போகாதே என்று எவ்வளவோ சொன்னோம். கோபமெல்லாம் இல்லை என்றாள்.

குடிவைக்க நான்தான் கூடப் போனேன். எங்கள் வீட்டில் அத்தனை காலம் இருந்தவளின் சாமான் ஒரே ஆட்டோவில் அடங்கியது. நான் உட்காரவும் தாராளமாக இடம் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோடு முழுவதும் அவள் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டு 'உம்' கொட்டினேன்.

எங்கள் மாடியில் எந்த அறையும் எழும்பவில்லை. இன்ஜினியர் கூப்பிட்டபோதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றேன். பிறகு அவரும் விட்டுவிட்டார்.

போன தை மாதம் செங்கல்பட்டில் உறவினர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே சித்தப்பா. பக்கத்தில் அக்கா.

"இன்னாப்பா, உங்க அக்கா இப்ப உங்கூட இல்லியாமே? தனியா கீறாளாமே?" என்று சித்தப்பா நாலு பேர் கேட்கச் சத்தமாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள்.

"கம்பெனி வண்டி அங்கதான் சித்தப்பா நிக்குது. விடியக்காலைல தெனமும் இவனை எழுப்பினா பேஜாரு. வேணாம் வேணாம்னு இவன் சண்டையே போட்டான். நான்தான் கேக்கல."

"தம்பின்னா இப்டி இருக்கணும்" என்றார் சித்தப்பா.

நான் தலையைத் தூக்கவில்லை. ரசம் இலையின் ஓரம்வரை ஓடிவிட்டிருந்தது. அக்கா பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இவனுக்கு இன்னொரு அப்பளம் போடுங்க" என்றாள்.