அரிசியில் விழுந்த ஃபோகஸ்

அப்போதெல்லாம் எங்கள் கேமரா பையைத் திறந்தால் முதலில் வருவது வாழைப்பழ வாசனைதான்...

லென்ஸ் வைக்க வேண்டிய இடத்தில் சரண்யா இரண்டு பூவன் பழத்தைச் சொருகி வைத்திருப்பாள். பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூரில் இறங்கி, அங்கிருந்து தா.பழூருக்கு இன்னொரு பஸ். கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்கு இலை என்பதால் அது அவளுடைய முன்னேற்பாடு. லென்ஸில் பழம் ஒட்டிக்கொண்டால் திட்டு எனக்கு விழும். ஏன் நீ பார்க்கவில்லை என்று!

நேற்று ஒரு தம்பி எங்கள் போட்டோகிராபர் குரூப்பில் கேட்டிருந்தார். "அக்கா, கல்யாண வேலைக்கு மிரர்லெஸ் கேமரா வாங்கணும். சின்னது போதுமா, புரொஃபஷனல் பாடிதான் வாங்கணுமா?" பதில் எழுத உட்கார்ந்தேன். நினைவில் சரண்யா வந்துவிட்டாள்.

நானும் அவளும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து தவணையில் வாங்கியது, இருப்பதிலேயே சின்ன மிரர்லெஸ். கூடவே வந்த கிட் லென்ஸ்தான் எல்லாவற்றுக்கும். அந்த கேமராவைக் கழுத்தில் மாட்டினால் ஏதோ டிபன் பாக்ஸ் தொங்குகிற மாதிரி இருக்கும்.

தா.பழூரில் அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் பெண் வீட்டு போட்டோகிராபர். மாப்பிள்ளை வீட்டுக்குத் தனியாக ஒருவர் வந்திருந்தார், கையில் பெரிய கேமரா பாடி, முழ நீள லென்ஸ். எங்களைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது யூடியூப் கேமராவாச்சே... இதை வச்சா முகூர்த்தம் எடுக்கப் போறீங்க?" என்றார். சரண்யா அசரவில்லை. "உங்களுது வெயிட்டு ஜாஸ்திங்கண்ணே, கை வலிச்சா சொல்லுங்க" என்றாள். அப்படி ஒரு வாய் அவளுக்கு.

கெட்டிமேளம் கொட்டியது. நான் மேடைக்கு முன்னால், கேமராவோடு. சுற்றி இருந்தவர்கள் அத்தனை பேரும் அட்சதையை வீச, எங்கள் கேமராவின் ஃபோகஸ் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு அரிசியைப் பிடித்துக்கொண்டது. விடாமல் அழுத்தினேன்.

பிறகு ஓடிப்போய்ப் படங்களைப் போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு அரிசியையும் எண்ணலாம். அதற்குப் பின்னால் பட்டுப் புடவை நிறத்தில் ஏதோ கலங்கலாக...

"மலரு, அரிசி மட்டும் சூப்பரா வந்துருக்குடி" என்றாள் சரண்யா. எனக்கு அழுகை, அவளுக்குச் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வெட்கத்தை விட்டு மாப்பிள்ளை வீட்டு அண்ணனிடமே போய் நின்றோம். பாவம், நல்ல மனுஷன். தாலி கட்டும் படங்களை எங்கள் மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தார். "அடுத்த தடவ நல்ல பாடியா வாங்கிட்டு வாங்க" என்றார். அதில் தப்பே இல்லை.

கார்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் சரண்யாவையும் காணோம், கேமராவையும் காணோம்.

பந்தி நடக்கும் வாசல் ஓரமாக இருந்தாள். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பெண்ணின் அம்மா. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும்தான். இந்த அம்மா மேடைப் பக்கமே வரவில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, வாங்க என்றும் யாரும் சொல்லவில்லை.

"எனக்கு எதுக்கு கண்ணு போட்டோ... பொண்ணு மாப்பிள்ளைய எடுங்க" என்றார்கள்.

சரண்யா நாற்காலியை மேடைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாள். கேமராவின் ஸ்கிரீனை வெளியே இழுத்து அந்த அம்மா பக்கமாகத் திருப்பினாள். சின்ன கேமராவில் அது ஒரு வசதி, எடுக்கப்படுகிறவருக்கே தன் முகம் தெரியும்.

"இதுல பாருங்கம்மா. உங்களுக்குப் பின்னாடி யாரு தெரியுறா?"

அந்த அம்மா பார்த்தார்கள். ஸ்கிரீனில் அவர்கள் முகம், தோளுக்கு மேலே தூரத்தில் மாலையோடு மகள். தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கா..." என்றார்கள். சரண்யா எடுத்துவிட்டாள்.

படத்தில் கண் நேராக இல்லை. லென்ஸைப் பார்க்காமல் பக்கத்து ஸ்கிரீனையே பார்த்ததால் பார்வை கொஞ்சம் ஒதுங்கி இருக்கும். மேடை வேறு மங்கல். ஆனாலும் அந்தக் கல்யாணப் பெண் பெரிதாக ஃபிரேம் போட்டு வாங்கிக்கொண்டு போனது அதைத்தான்.

அப்புறம் சரண்யாவுக்குக் கல்யாணம் ஆகித் திருப்பூர் போய்விட்டாள். குழந்தை, வீடு, வேலை. கேமராவைத் தொட்டே வருஷக்கணக்கு ஆகிறதாம்.

நான் புரொஃபஷனல் பாடி வாங்கிவிட்டேன். தம்பி, உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: கையில் காசு இருந்தால் அதையே வாங்குங்கள். அரிசி மழைக்கு நடுவிலும் ஃபோகஸ் கண்ணை விடாது. இருட்டு மண்டபத்திலும் படம் புள்ளி புள்ளியாகப் பொரியாது. ஒரு கார்டு போனாலும் இன்னொன்று இருக்கும். நான் வாங்கிய மாடலில் ஸ்கிரீன் மேலும் கீழும் சாயும், முன்பக்கம் திரும்பாது, அவ்வளவுதான் குறை. அன்றைக்கு என்னிடம் இது இருந்திருந்தால் அழுதிருக்கவே மாட்டேன்.

சிரித்திருக்கவும் மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

பதில் எழுதும் சாக்கில் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். சின்ன கேமரா காலத்து ஃபோல்டர் ஒவ்வொன்றிலும் முதல் படம் எங்களில் ஒருத்திதான். லைட் எப்படி விழுகிறது என்று பார்க்க, பொண்ணு மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் ஒருத்தி மேடையில் நிற்பாள், இன்னொருத்தி எடுப்பாள். நாக்கைத் துருத்திக்கொண்டு சரண்யா, கொட்டாவி விட்டுக்கொண்டு நான், மறுபடியும் சரண்யா... எல்லாம் புள்ளி புள்ளியாக, பாதி ஃபோகஸ் இல்லாமல்.

இப்போதும் லைட் பார்க்கிறேன். ஒவ்வொரு கல்யாண ஃபோல்டரும் ஒரு காலி நாற்காலிப் படத்தில் தொடங்குகிறது. துல்லியமாக இருக்கிறது, அதில் போட்டிருக்கும் வெல்வெட் துணியின் நூல்கூடத் தெரிகிறது.

ஆவணியில் கல்லங்குறிச்சி கோயிலில் ஒரு முகூர்த்தம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்தால் ஒரு போன் பண்ணு சரண்யா... நிற்க ஆள் இல்லைடி.