உமையாள் வைக்காத மருந்து

மதுரை டாக்டர் சத்தியமூர்த்தியின் பேச்சை உமையாளிடம் எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் கைவேலை அப்படியே நின்றுபோகும். "அவுக பிள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவாள். ஆரம்பிக்கட்டுமே! அவள் பட்ட பாடு அப்படி.

கீழச்சிவல்பட்டித் தச்சர் வைரவனுக்கு அவள் வாழ்க்கைப்பட்டது அறுபத்தொன்பதில். நாலைந்து வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான். யாரோ காதுக்குள் பேசுவதாகச் சொன்னான்; சோற்றைத் தொடப் பயந்தான். மாமியார் அழகிக்கு அது போதும். மருமகள் புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் இடுமருந்து வைத்துவிட்டாள், அது தலைக்கேறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். திருப்பத்தூர்ப் பக்கம் இடுமருந்தை வயிற்றிலிருந்து எடுக்கிற ஒருவன், வைரவனை வாந்தியெடுக்க வைத்துக் கறுப்பாக ஒரு உருண்டையைக் காட்டினான். அந்தப் பாவி அதை எந்த மடியில் ஒளித்து வைத்திருந்தானோ! உமையாள் பெற்ற மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். யார் கேட்டார்கள்? வருகிற வெள்ளிக்கிழமை சொந்தபந்தம் கூடி, அவளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று பேச்சாயிற்று.

"அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை மதுரையில காட்டிருவோம் அத்தை" என்று உமையாள் காலைப் பிடித்தாள்.

"நானும் வருவேன். போற வழியில இன்னும் என்னத்தையாச்சும் குடுத்திட்டா?" என்று அழகியும் பஸ் ஏறினாள். அவள் வந்ததுதான் நல்லதாயிற்று.

டாக்டர் வைரவனைப் பொறுமையாக விசாரித்து, இது மனநோய் என்று சொல்லி மாத்திரை எழுதினார். இந்த நோய்க்காரர்களின் கண் அசைவை ஆராய்ச்சி செய்கிறேன், நீங்கள் மூன்று பேரும் கொஞ்சம் உட்காருங்கள் என்றார். கண்ணோரம் கம்பி ஒட்டி, எதிரே கயிற்றில் ஆடுகிற குண்டைத் தலையசைக்காமல் பார்க்கச் சொன்னார். கண் போகிற வழியை ஒரு பேனா காகிதத்தில் வரைந்தது. உமையாளின் கோடு அலை அலையாக வழுக்கிக்கொண்டு போயிற்று. வைரவனுடையது படிக்கட்டுப்போல வெட்டி வெட்டிக் குதித்தது.

"பாத்தீகளா டாக்டரய்யா, இவ வச்ச மருந்து செய்யிற வேலைய!" என்றாள் அழகி.

அடுத்து அவளே உட்கார்ந்தாள். அடேயப்பா, அவள் கோடும் குதித்தது! மறுபடி பார்க்க வைத்தார். மறுபடியும் அப்படித்தான்.

"மருமக சமையலை நீங்க சாப்பிடுறதுண்டாம்மா?"

"நானா? அவ கை பட்ட தண்ணியக்கூடத் தொடமாட்டேன்!"

"அப்ப உங்க கண்ணுக்கு யார் மருந்து வச்சா? பயப்படாதீங்க, உங்களுக்கு நோய் இல்ல. நோயாளியோட ரத்த சொந்தத்துல, நல்லா இருக்கிறவங்க சிலருக்கும் கண்ணு இப்படி ஓடுது. மூளை கண்ணை நடத்துற விதம். ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாப் புரியலை. ஆனா சோத்துல வச்சு வர்ற சீக்கு இல்ல இது. மாத்திரைய நிறுத்தாமக் குடுங்க."

திரும்பி வருகையில் அழகி பஸ்ஸில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். உமையாளுக்கு வழியெல்லாம் ஒரே யோசனை. ஊரில் வேறு யார் இதைப் பார்த்தார்கள்? மாமியார் கமுக்கமாக இருந்துவிட்டால் அதோடு முடிந்தது அவள் வாழ்க்கை.

வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடினார்கள். "அந்தப் புள்ளைய பொட்டியக் கட்டச் சொல்லுங்க" என்றார் பங்காளி குமரப்பன்.

அழகி எழுந்தாள். "பொறுங்கப்பு. இவ ஒண்ணும் வைக்கல. எம்மகனுக்கு வந்தது மூளையில சீக்கு. அவன் கண்ணு ஓடுறாப்புலதான் எங்கண்ணும் ஓடுது, கோடு போட்டுக் காட்டிட்டாக. பாவி மக, இவ மேல பழியப் போட்டேன். இவள அனுப்புறதுன்னா மொதல்ல என்னைய அனுப்புங்க."

உமையாள் ஓவென்று அழுதுகொண்டே அவள் காலில் விழுந்தாள்.

"அடச் சீ, எந்திரி" என்று அழகி அதட்டினாள். "அவன் மாத்திரை போட்டானான்னு போய்ப் பாரு."