ஹெல்மெட் போட்ட டீ மாஸ்டர்

வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலைச்சாலையில் ஒரு டீக்கடை. மாஸ்டர் ஹெல்மெட்டோடு டீ ஆற்றுகிறார். போன மாதம் புளியமரத்துக் காக்கைக் கூட்டைக் கலைத்தாராம். அன்றிலிருந்து அவர் தலையில் மட்டும் கொத்து.

“மீசையக்கூட எடுத்துட்டேன் சார். இன்னா பண்ணியும் கண்டுபுடிச்சிடுதுங்க.”

ரேஷன் கடை மிஷினுக்குத்தான் இவர் கைரேகை இன்னும் பிடிபடவில்லையாம்.

இன்று அமாவாசை. செத்துப்போன தன் அப்பாவுக்காக மாஸ்டர் காக்கைக்கு வைத்த சோறு இலையில் காய்கிறது.

“நான் வெச்சா துன்னாது. நீங்க வைங்க சார்.”

முன்பின் தெரியாத பெரியவருக்கு ஐந்து நிமிட மகனாகி, இலையை நகர்த்தி வைக்கிறேன். காக்கை உடனே இறங்கி, வடைவரை தின்று முடித்து, நேராகப் போய் ஹெல்மெட்டில் கொத்துகிறது.

மாஸ்டர் கைகூப்புகிறார். “சாட்சாத் எங்கப்பாதாங்க. துன்னுட்டுத்தான் அடிப்பாரு.”