செல்வியக்காவின் குரலை நம்பாதீர்கள்

எங்கள் தெருக்களில் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவர் யாராவது இறந்துவிட்டால் சேதி இரண்டு வழியாக வரும். முதலில் கோயிலின் துக்கமணி. அடுத்து என் ஆட்டோவின் ஒலிபெருக்கியில் சகாயசெல்வி அக்காவின் குரல். பள்ளிவாசலுக்குப் போகிற ஹாஜாவாகிய நான் ஓட்ட, கோயிலுக்குப் போகிற அக்கா பேச, இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. மணி அடிக்காமல் அக்கா ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை.

அவருக்கு முன்னால் வேறொருவர் அறிவித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் இறந்தவரின் பெயரை அவர் தப்பாகப் படித்துவிட்டார். மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அக்கா இறங்கி வந்து மைக்கைப் பிடுங்கினார். "செத்தவரு எழுந்து வந்து திருத்துவாரா? ஒழுங்கா படிக்கத் தெரியாதா?" அன்றைக்குப் பிடித்த மைக்கை இன்னும் விடவில்லை. குரலுக்காக ஐஸ்கிரீம் தொடமாட்டார், மார்கழியில் மப்ளர் இல்லாமல் வெளியே வரமாட்டார். திமிர் பிடித்தவள் என்பார்கள். இருக்கட்டுமே, அந்தக் குரலுக்கு அது தகும். கொரோனா காலத்திலிருந்து பங்கின் வாட்ஸ்அப் குழுவிலும் அவருடைய குரல்பதிவுதான்.

அந்தக் குரலைத்தான் எவனோ திருடினான்.

போன ஜூலையில் ஒரு காலை, பலருடைய போனுக்கு அக்காவின் குரலில் ஒரு பதிவு வந்தது. நம் பங்கைச் சேர்ந்த அருளானந்தம் இறைவனில் இளைப்பாறினார். பிள்ளைகள் பிரான்சிலிருந்து வந்து சேரும்வரை ஐஸ்பெட்டிக்கும் மற்ற செலவுக்கும் அவசரமாகப் பணம் வேண்டும். வந்ததும் திருப்பித் தந்துவிடுவார்கள். இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். பாரிசிலிருந்து பிள்ளைகள் வரும்வரை உடலை வைத்திருப்பது இங்கே சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அருளானந்தம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், சிப்பாய்க்கான பிரெஞ்சுச் சொல்லால் ஊரே அவரை 'சொல்தா' என்றுதான் கூப்பிடும். பதினொரு மணிக்கு அவர் ரொட்டி வாங்க பேக்கரியில் வந்து நின்றபோதுதான் தெரு அலறியது.

"என்னப் பெட்டியில வைக்க உங்களுக்கு அவ்ளோ அவசரமா?" என்று சொல்தா சிரித்தார்.

ஆனால் மெரின் என்பவளால் சிரிக்க முடியவில்லை. அக்காவின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள். மகன் மரிய அருணின் கல்லூரிக் கட்டணத்துக்காக, வீட்டில் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பதினைந்தாயிரம் போய்விட்டது.

"மணி அடிக்கலயே மெரின், யோசிக்க வேணாமா?" என்று அக்கா கேட்டார்.

"உங்க குரல் வந்துச்சுக்கா. அப்போ மணி அடிச்சிருக்கும், பஸ் சத்தத்துல எனக்குத்தான் கேக்கலன்னு நெனச்சுட்டேன்."

சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தோம். குழுவில் கிடந்த பதிவுகளை எடுத்து, ஏஐ வைத்து அதே குரலைச் செய்திருக்கிறார்கள் என்றார் அங்கிருந்தவர். திரும்பும்போது ஆட்டோவின் பின்சீட்டில் அக்கா அழுதார். அவர் அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

"இத்தன வருஷம் சேத்த பேரு ஹாஜா. அத வச்சே எம் மனுஷங்க வயித்துல அடிச்சுட்டானுங்க. திரும்பவும் வருவானுங்க பாரு."

வேறு யாராக இருந்தாலும் 'அது நான் இல்லை' என்று ஒரு பதிவு போட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். அக்கா மறுநாள் காலையிலேயே என் வண்டியில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"சகாயசெல்வி பேசுறேன். எல்லாரும் வெளிய வந்து கேளுங்க. போன்ல என் குரல் வந்தா நம்பாதீங்க. வீடியோவுல என் மூஞ்சியே தெரிஞ்சாலும் நம்பாதீங்க. சாவுன்னு சொன்னா கோயில் மணி அடிச்சுதான்னு பாருங்க. ஆபத்து, காசுன்னு சொன்னா நேரா வந்து என் வீட்டுக் கதவத் தட்டுங்க. எந்நேரமா இருந்தாலும் தட்டுங்க."

தெருத்தெருவாக நாள் முழுக்க இதையே சொன்னார். எந்தக் குரலைக் கண்ணாகக் காப்பாற்றினாரோ, அந்தக் குரலாலேயே அதை நம்பாதே என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மூன்று வாரம் கழித்து, மைக்கைச் சரிபார்க்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மெரின் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தாள்.

"அக்கா, எம் புள்ளைக்கு அடிபட்டுச்சா? போன்ல சொன்னது நீங்கதானாக்கா?"

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் உனக்குப் போனே பண்ணலயேடி!"

மரிய அருண் லாஸ்பேட்டையில் வண்டியோடு விழுந்துவிட்டான், ஆபரேஷனுக்கு உடனே பணம் அனுப்பு என்று அக்காவின் குரல் அழுதிருக்கிறது. பையனைக் கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது.

"பணம் அனுப்பிட்டியா?"

"இல்லக்கா. கை அதுக்குத்தான் போச்சு. ஆனா உங்க குரல நம்பல. நீங்கதான கதவத் தட்டச் சொன்னீங்க..."

அடுத்த பத்து நிமிடம் மூன்று பேருக்கும் உயிர் உயிராக இல்லை. லாஸ்பேட்டைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நான் வண்டியைக் கிளப்பிய நேரத்தில் அவள் போன் அடித்தது. பரீட்சை முடிந்து பையன்தான் கூப்பிட்டான். "இன்னாம்மா, இத்தன மிஸ்டு கால்?"

மெரின் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மீன் செதில் ஒட்டிய கையோடு அக்கா அவளைக் கட்டிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் குரலில் அவ்வளவு பெருமையை நான் கேட்டதேயில்லை.

"கேட்டியா ஹாஜா? என் குரல நம்பலயாம்!"