அட்டைச் சுவரில் ஒரு கைப்பிடி

பீர்க்கன்கரணை சிட்டிபாபு எந்த வேலையை முடித்தாலும் அதில் தொங்கிப் பார்ப்பார். கதவோ பரணோ, பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கிவிடுவார். ஆள் தொண்ணூறு கிலோ. வீட்டுக்காரர்கள் "ஐயோ, வேணாம்ப்பா" என்று பதறுவார்கள். "என்னையே தாங்கலேன்னா அது இன்னா வேலை சார்?" என்பார். சிட்லபாக்கத்தில் பாதி வீடுகளுக்குக் கதவு போட்ட தச்சர். வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் அந்த வாய்க்கு ஏற்ற கை.

தொண்ணூற்றாறு ஜூனில் லாசரஸ் சார் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். சாரின் மனைவி ரத்தினபாய், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். பிப்ரவரியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். ஆபரேஷன் ஆகிவிட்டது, பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் தானே நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலிலிருந்து பாத்ரூம் சுவரோரமாகப் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடிக்கும் மருமகளோ, முதுகுவலிக்கார லாசரஸ் சாரோ தாங்கிப் பிடித்து அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஒரு பார்வையில் வகுப்பையே அடக்கிய மனுஷிக்கு இது பெரிய அவமானம். அடிக்கடி யாரையும் கூப்பிடக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். உதடெல்லாம் வெடித்துக் கிடந்தது.

"கைப்பிடிதானே டீச்சர்? சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிச்சிடறேன்" என்றார் சிட்டிபாபு.

செங்கல் சுவரில் செய்கிற மாதிரியேதான் ஆரம்பித்தார். உளியால் துளை போட்டு, மரக்கட்டையை அடித்து இறக்கி, அதில் திருகாணியை முடுக்க வேண்டும். முதல் அடியிலேயே உளி பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. கட்டையை வைத்துத் தட்டினார். அது சுவருக்குள் விழுந்து கீழே எங்கோ டொக்கென்றது.

"இன்னா சார் இது, சொவரா அட்டைப்பெட்டியா?"

"ஜிப்சம் போர்டுப்பா" என்றார் லாசரஸ் சார். "தொண்ணூத்தொண்ணுல அசரியா கல்யாணத்துக்காக ஹாலைத் தடுத்தோம். அவன் ஆபீஸ்ல மிச்சமானது. ரெண்டு பக்கமும் போர்டு, நடுவுல மரச்சட்டம்." மகன் அசரியா இப்போது மஸ்கட்டில். சட்டம் எங்கெங்கே நிற்கிறதென்று சொல்ல ஆளில்லை.

நம் ஊரில் எந்த ஓட்டைக்கும் ஒரே மருந்து சிமெண்ட். சிட்டிபாபுவும் குழைத்து ஊற்றினார். சுவர் குடித்தது. இன்னும் ஊற்றினார். அதையும் குடித்தது. சட்டி காலியானதுதான் மிச்சம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், இந்த யானைக்கு ஒரே காலையில் இரண்டு முறை சறுக்கியது.

"முடியலேன்னா விட்டுடுங்க சிட்டிபாபு. பரவாயில்லை" என்று டீச்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திட்டியிருந்தால்கூடச் சிட்டிபாபு தாங்கியிருப்பார். அந்தப் பரவாயில்லை அவருக்குச் சுருக்கென்றது.

"யாரு சொன்னா முடியாதுன்னு? உள்ள சட்டம் கீதுல்ல? அதுல முடுக்கினா யானையே கட்டலாம். எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்."

தட்டித் தட்டிப் பார்த்தார். கெட்டியாகக் கேட்கிற இடத்தில் குத்தினால் பொந்தாக இருந்தது. கண்ட இடத்தில் குத்தினால் போர்டே உதிர்ந்துவிடும். அப்போதுதான் மேலே தொங்கிய கண்ணாடி போட்ட பைபிள் வசன அட்டைகளைக் கவனித்தார். புது வருஷ ஆராதனையில் சர்ச்சில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைகள், வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து.

"ஏன் டீச்சர், இதுங்கோ ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க தாறுமாறா கீது?"

"ஆணி நிக்கிற இடத்துலதானே மாட்ட முடியும்? தொண்ணூத்திரண்டும் தொண்ணூத்தஞ்சும் அடிச்ச இடத்துலயே நிக்குது. மத்த மூணும் ஆணியோட விழுந்து விழுந்து இடம் மாறினதுங்க. இந்த வருஷத்தது நாலு தடவை விழுந்தது."

"அப்போ விழாத ரெண்டு ஆணியும் சட்டத்துலதான் எறங்கி கீது" என்று சிட்டிபாபு டேப்பை எடுத்தார். விழாத இரண்டு ஆணிகளுக்கும் நடுவே சரியாக நாலடி.

டீச்சர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். "நாலடி விட்டா போர்டு நிக்காது. அப்போ ரெண்டடிக்கு ஒரு சட்டம் இருக்கணும். நடுவுல போட்டுப் பாருங்க."

மெல்லிய டிரில்லை வைத்துச் சுற்றினார். முதலில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் மரத்தூள் வந்தது. "கீது டீச்சர்!" என்று அவர் போட்ட கூச்சலில் மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அதே கணக்கில் இரண்டு பக்கமும் அளந்து போக, ஒவ்வொரு சட்டமும் சொன்ன இடத்தில் நின்றது.

ஏழு சட்டங்களையும் சேர்த்து நீளமாக ஒரு தேக்குப் பலகை, சட்டத்துக்கு இரண்டாக மூன்றங்குலத் திருகாணிகள். பலகையின் மேல் இரும்புத் தாங்கிகள். அவற்றில் டீச்சரின் பிடிக்குத் தக்கபடி இழைத்து உருட்டிய கைப்பிடி. சாப்பாட்டு நேரமாவது ஒன்றாவது, மறுநாள் சாயங்காலம்தான் முடிந்தது. முடிந்ததும் சிட்டிபாபு கைப்பிடியைப் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினார். லாசரஸ் சார் கண்ணை மூடிக்கொண்டார். சுவர் முனகக்கூட இல்லை.

"இப்போ நீங்க வாங்க டீச்சர்."

அவர் மெதுவாக எழுந்து பிடித்தார். ஓர் அடி, இன்னோர் அடி. பாதி வழியில் முழங்கால் மடங்கியது. மொத்த பாரமும் கைப்பிடியில் விழுந்தது. லாசரஸ் சார் பாய்ந்து போவதற்குள் டீச்சர் தானே நிமிர்ந்துவிட்டார்.

"யாரும் வர வேணாம்" என்றார், பள்ளிக்கூடக் குரலில்.

பன்னிரண்டு அடியையும் கடந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கணவர் பழக்கதோஷத்தில் கதவருகே போய் நின்றார். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

லாசரஸ் சார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய் ஹாலில் உட்கார்ந்தார்.